சாயங்கால ஆஸ்பத்திரி

கிராம சபைக் கூட்டத்தில் அன்று எந்தத் தைரியத்தில் கையைத் தூக்கினேன்? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் இறங்க வேண்டும் என்று சொல்லக்கூட இரண்டு முறை யோசிக்கிறவள் நான்.

மடியில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். ஊராட்சித் தலைவர் எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஊரிலேயே பார்க்க வேண்டும் என்பது தேசியக் கொள்கை. கட்டடத்துக்குப் புது வண்ணம் அடித்து, நர்ஸும் போட்டாயிற்று. ஆட்கள்தான் வருவதில்லை.

எப்படி வருவார்கள்? நிலையம் திறப்பது ஒன்பது மணிக்கு. என் மாமியாரும் எங்கள் தெருப் பெண்களும் காலை ஏழு மணிக்கே பூப்பறிக்க வேனில் ஏறிவிடுவார்கள். அவர்கள் திரும்பும்போது கதவு பூட்டியிருக்கும். இதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

“வாரத்துல ஒரு நாளு சாயங்காலம் தொறந்தா எல்லாரும் வருவாங்க.”

“டைமு மேல இருந்து போட்டதும்மா. நாம மாத்த முடியுமா?” என்றார் தலைவர்.

“சர்க்கரை பாக்கணும்னு மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்க. நம்மூரு ஆளுங்க எப்ப வூட்ல இருப்பாங்கன்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்? நாமதான சொல்லணும்?”

“இந்தப் புள்ளய வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கலாம்!” என்று பின்னால் ஒருவர் சொல்ல, கூட்டமே சிரித்தது. எனக்குக் காது சூடானது. உட்கார்ந்துவிடலாமா என்று நினைப்பதற்குள் தலைவர் நர்ஸைப் பார்த்தார்.

“டாக்டர் சரின்னா வியாழக்கிழமை இருக்கேங்க. ஏழு மணி பஸ்ஸ மட்டும் விட முடியாது. தருமபுரி போய்ச் சேரணும், பொண்ணு சின்னவ” என்றார் அவர்.

தீர்மானம் நிறைவேறியது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும் சம்மதித்தார். நான் சொன்னது நடக்கப்போகிறது! ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று நானே எல்லோரிடமும் சொன்னேன். மாரியம்மன் கோயில் மைக்கில் தலைவர் சொன்னார்.

முதல் வியாழக்கிழமை வேன் நேராக நிலையத்துக்கே வந்து நின்றது. வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நீண்டது. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போதுதான் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

“என்னாச்சு அத்தை?”

“காத்தால இருந்து ஒண்ணும் சாப்புடல. சர்க்கரைன்னா வெறும் வயித்துலதான பாப்பாங்க?”

“நானுந்தான்” என்றார் அடுத்தவர். வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான். நாள் முழுக்க வெயிலில் பட்டினியாகப் பூப்பறித்துவிட்டு வந்திருந்தார்கள்.

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ, சாப்பிட்டு வந்தாலும் பாக்கலாங்க! மொதல்ல எதுனா வாயில போடுங்க!”

குழந்தையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ராகிக் கூழைக் கரைத்து, வெங்காயத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

“ஊசி குத்த வரச்சொல்லிட்டு விருந்து வெக்கறாங்கடி” என்று ஒருத்தி சொன்னாள்.

“அப்ப அடுத்த வாரமும் பட்டினியாவே வரேன்” என்றாள் இன்னொருத்தி.

அதன் பிறகுதான் பரிசோதனை நடந்தது. மாமியாருக்கு ரத்த அழுத்தம் அதிகம். அவருக்கே தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இன்னும் சிலருக்கும் அப்படித்தான். அன்றே மாத்திரை கிடைத்தது. அழுகையும் சிரிப்பும் எனக்கு ஒன்றாக வந்தன.

வெளியே பஸ் ஹாரன் கேட்டது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்தவர் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். பஸ் போய்விட்டது. என் கணவர்தான் அவரை பைக்கில் கொண்டுபோய் விட்டார். கிளம்பும்போது நர்ஸ் போனில், “அம்மா வந்துகிட்டே இருக்கேன்டா தங்கம்” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

இப்போது யாரும் பட்டினியாக வருவதில்லை. ஆனால் கூட்டம் குறையவில்லை, பஸ்ஸும் அடிக்கடி தவறுகிறது. நர்ஸ் குறை எதுவும் சொல்வதில்லை. கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார். வியாழக்கிழமையைத் தொடர்வதா என்று அடுத்த கிராம சபையில் முடிவு செய்யப்போகிறார்கள். பஸ் பேச்சை எடுத்தால், “அப்ப நிறுத்திடலாம்” என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் இருந்தால், அங்கே தருமபுரியில் ஒரு குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உங்கள் ஊரில் மாலையில் நிலையம் திறக்கிறார்களா? நர்ஸ் நேரத்தோடு வீடு போய்ச் சேர என்ன ஏற்பாடு செய்தீர்கள்? சபையில் முதலில் எதைக் கேட்கட்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.