வெறும் வண்டியும் முட்டை அட்டையும்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை நடத்துகிறவள் நான். முட்டை ஏற்ற பிக்கப் வாங்க ஷோரூம் போனேன். "சார் வரலீங்களா? உங்களுக்கு எந்தக் கலர் புடிக்குதுங்க?" என்றார் விற்பனையாளர். பற்றிக்கொண்டு வந்தது. பைபாஸில் வெறும் வண்டியை ஓட்டிக் காட்டி, "தொட்டிலாட்டம் போகுதுங்க" என்றார். நானும் மயங்கித் தலையாட்டப் பார்த்தேன். நல்லவேளை, வண்டியை எங்கள் பண்ணைக்கு வரச்சொல்லி, முட்டை அட்டைகளை அடுக்கி மண்ரோட்டில் ஓட்டவைத்தேன். திரும்பி வருவதற்குள் மஞ்சள் கரு ஒழுகியது.

"உங்க முட்டை ஓடு மெலிசுங்க" என்கிறார்! எவ்வளவு திமிர்!

அடுத்த ஷோரூம் வண்டியில் அதே கோழிகளின் முட்டை, அதே மண்ரோடு. ஒன்றுகூட உடையவில்லை. அதையே எடுத்தேன்.

இப்போது சொந்தக்காரர்கள் வண்டி பார்க்கக் கூப்பிட்டாலும் முட்டை அட்டையோடுதான் போகிறேன். "சார் வரலீங்களா?" என்று கேட்டால், அட்டையை இறக்காமலே திரும்பிவிடுகிறேன்.