சனிக்கிழமைக்காரர் திருத்திய தோணி

ஃபைபர் பிசினுக்கு மூக்கைச் சுடுகிற ஒரு வாடை உண்டு. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டின் கச்சான் என்னும் மேல்காற்றுக் காலத்தில், செட்டிபாளையத்தில் வாவிக் கரையை ஒட்டியிருந்த எங்கள் வளவில், சேறு, காய்ந்த வலை, அடுப்புப் புகை எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு அந்த வாடைதான் நின்றது. அம்மாவுக்காக ஒரு பழைய தோணியைச் சிலர் அங்கே திருத்திக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முந்திய மாரியில் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அவரை வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தபோதே தோணியும் வலையும் கைமாறிவிட்டன. பிறகு அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்தாள். கெளிற்று மீனின் முள் குத்தி வீங்கிய விரல்களோடு எனக்கும் தம்பிக்கும் சோறு பிசைந்து தந்தாள். இறால் அகப்படாத நாளில் மரவள்ளிக் கிழங்கு. அதுவும் இல்லாத நாளில் பாலில்லாத வெறும் தேநீர், 'பிளேன்ரீ'.

அந்த நாட்களில்தான் மட்டக்களப்பு டவுனிலிருந்து மேர்சி டீச்சரும் இன்னும் சிலரும் ஓர் ஓட்டோவில் வரத் தொடங்கினார்கள். தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள், சம்பளம் எதுவும் வாங்காதவர்கள், தங்கள் ஓய்வு நாளை எங்களைப் போன்ற வீடுகளுக்குக் கொடுத்தவர்கள். பெரியவர்கள் அவர்களை 'வேதக்காரர்' என்றார்கள்; சிறுவர்களாகிய நாங்கள் 'சனிக்கிழமைக்காரர்' என்றோம். அரிசி, பருப்பு, பால்மா கொண்ட பார்சலை இறக்கிவைத்துவிட்டு ஓடாமல், டீச்சர் பாயில் சம்மணமிட்டு அமர்ந்து அம்மாவோடு கதைத்துக்கொண்டே தம்பியின் தலையில் பேன் பார்ப்பார்.

சில மாதங்கள் பார்சலை வாங்கிய அம்மா, ஒரு சனிக்கிழமை அதைத் தொடாமல் நின்றாள்.

"பார்சல் வேணாம் டீச்சர். ஏலுமெண்டா ஒரு தோணி எடுத்துத் தாங்க."

"தோணியா? ஆரு ஓட்டுறது?"

"நான்தான்."

"ஓம், பாப்பம்" என்றார் டீச்சர். அம்மா விடவில்லை. ஊரில் கதைப்பதை நேராகவே கேட்டுவிட்டாள். "தந்தா, எங்கள வேதத்துக்கு வரச் சொல்லுவீங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "வந்தா இருக்கக் கதிரை போடுவம். வராட்டியும் சனிக்கிழமை நாங்க வருவம்."

தோணி வந்தது. அவர்களுடைய சபையில் ஒருவர் வீட்டில் கவிழ்ந்து கிடந்தது. அடியில் வெடிப்பு, ஓரத்தில் உடைவு. அவர்களில் கராஜில் வேலை செய்த அன்ரன் அண்ணன் சனிக்கிழமைகளில் வந்து துணி ஒட்டிப் பிசின் பூச, நானும் தம்பியும் உப்புத்தாளால் தேய்த்தோம். அதற்குள் மாமாவுக்குச் செய்தி எட்டிவிட்டது. அம்மாவின் ஒரே அண்ணன்; அவர் சொல்லைத் தாண்டி எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை.

"தங்கச்சி, பொம்புள தோணி தள்ளினா ஊர் சிரிக்கும். நான் வெளியில முகம் காட்டேலாது."

"சிரிக்கிற ஊர் சோறு போட்டா நான் வீட்டில இருக்கன், அண்ணன்."

தோணியைத் தண்ணீரில் இறக்கிய நாளில் சிரிக்கத் தயாராக ஊரே கரைக்கு வந்திருந்தது. டீச்சர் கண்ணை மூடி ஜெபித்தார். அம்மா கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தாள். நான் இரவல் வலையோடு தோணியின் முன்னணியத்தில் ஏறிக்கொள்ள, அம்மா துடுப்பைப் போட்டாள். கரையைவிட்டு விலகியதுதான் தாமதம், காற்று தோணியைச் சுழற்றிக் கொண்டுபோய்க் கரையோரக் கண்டல் மரப் பற்றைக்குள் செருகியது. கரையில் எழுந்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் வலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அன்ரன் அண்ணன் தண்ணீருக்குள் பாயப் போனார். டீச்சர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நில்லு அன்ரன். அவவே எடுப்பா."

அம்மா சேலையை வரிந்துகட்டி நெஞ்சளவு நீரில் குதித்தாள். வேர்களுக்குள் கால் ஊன்றி, தோளைக் கொடுத்துத் தோணியைப் பின்னுக்குத் தள்ளி எடுத்து, மறுபடி ஏறி, இந்த முறை காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு துடுப்புப் போட்டாள். கரை சத்தமில்லாமல் சிறுத்துக்கொண்டே போனது. வலை விரித்துத் திரும்பும்போது தோணிக்குள் செப்பலி, மணலை மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. நான் ராணியைப் போல முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வந்த பார்சலை அம்மா ஓட்டோவிலேயே திருப்பி ஏற்றினாள். "கரடியனாத்துப் பக்கம் கொண்டுபோங்க டீச்சர். அங்க வெள்ளாமை சரிவரல்லயாம்." கூடவே ஒரு கோர்வை மீனையும் வைத்தாள். தரும்போது காணாத சந்தோஷத்தை, வாங்கிக்கொண்ட அன்று டீச்சரின் முகத்தில் கண்டேன். மாமா மட்டும் நெடுநாள் அம்மா பிடித்த மீனைத் தொடவில்லை. அந்த மீன் போட்ட தேங்காய்ப்பால் சொதியை மட்டும் சோறு மிதக்க ஊற்றிக்கொள்வார்.

அந்த மீன் எங்களைப் படிக்கவைத்தது. தம்பி மேசன் ஆனான், நான் வைத்தியசாலையில் தாதியானேன். வேலையில்லாத சனிக்கிழமைகளில் அதே குழுவோடு நானும் வீடு வீடாகப் போகிறேன். யாரும் இதுவரை என்னிடம் மதம் கேட்டதில்லை. மேர்சி டீச்சர் இன்று இல்லை. அந்தத் தோணியும் உக்கிப்போயிற்று. அதைத் திருத்திய இடத்தில் இப்போது கொங்கிறீற் மதில் நிற்கிறது.

போன கிழமை அம்மாவோடு கரையில் நின்றேன். அவளுக்கு முழங்கால் முடியாது. எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்கள் மூன்று பேர் தோணியேறிக் காற்றை வெட்டிக்கொண்டு போனார்கள். தேநீர்க் கடை வாசலில் நின்ற ஆண்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் முகம் சுருங்கியது.

"ஒருத்தனும் பாக்கிறானில்ல பாரு மகள்," என்றாள். "எனக்கெண்டா ஊரே வந்து நிண்டது."