முதல் நாவலுக்கு நான் போட்ட சைபர்

1. பத்துக்குப் பத்து

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைக்கும் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். நாவல் பைத்தியம். அதை யாரோ சொல்லி, சென்னையிலிருந்து ஒரு விருதுக் குழுவின் சந்திரா மேடம் போன் செய்தார். அறிவியல் புனைவு, மிகுபுனைவு எழுதுகிறவர்களின் முதல் நாவலுக்கு விருது கொடுக்கிறார்களாம். முதல் சுற்றில் படித்து மார்க் போட ஆள் வேண்டுமாம்.

"மிகுபுனைவுன்னா என்ன மேடம்?"

"நடக்கவே முடியாதது நடக்கிற கதை சார். எழுதினவங்க பேரை எடுத்துட்டு அனுப்புவோம். முதல் நாவல்ங்கிறதால ஒருத்தருக்கு ஒரே வாய்ப்புதான். பார்த்துப் போடுங்க."

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். முதலில் படித்த நாவலில் சனிக்கோளில் கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். நான் அங்கே போனதில்லை. மிகுபுனைவுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

மூன்றாவது நாவல்தான் என்னைப் படுத்தி எடுத்தது. கதை நடப்பதே குவாரியில். குழிக்குள் கல்லாய்ப் போன சங்கு கிடைக்கிறது. நானே கூடை கூடையாகப் பொறுக்கியிருக்கிறேன். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்கிறது கதை. காலேஜ் பிள்ளைகளைக் கூட்டி வருகிற வாத்தியார்களும் அதைத்தான் சொல்வார்கள். மரம் கல்லாகிக் கிடக்கிறது. சாத்தனூருக்குப் போய்ப் பாருங்கள், கிடக்கிறது. கடைசியில், வெடி முடிந்து சைரன் ஊதியதும் ஒருத்தர் டிபன் கேரியரோடு குழியிலிருந்து ஏறி வருகிறார். வீட்டு வாசலில் கால் கழுவி, மகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

அட, இதில் என்னய்யா புனைவு? என் ஆட்கள் தினமும் செய்த வேலை! இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டில் பொய் எழுதிப் பழக்கமில்லை. மிகுபுனைவுக்குச் சைபர். கீழே குறிப்பும் எழுதினேன்: "எல்லாம் நேரில் பார்த்தவை. நடக்காதது எதுவும் இல்லை."

2. மலர்விழி

தேர்வான நாவல்களின் லிஸ்ட் வந்த வாரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். பெயர் மலர்விழி. பெரம்பலூரில் துணிக்கடையில் பில் போடுகிறவர். தேர்வாகாதவர்களுக்கு மார்க் போட்டவரின் குறிப்பை மார்க்கோடு அனுப்பி வைப்பார்களாம். கையில் என் குறிப்பு.

"குவாரி ஆளுதான் இப்படி எழுதுவாங்கன்னு விசாரிச்சு வந்தேன். சைபர் போட்டது நீங்கதானுங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமாம்மா. சங்கைப் பார்த்திருக்கேன், கல்மரத்தைப் பார்த்திருக்கேன். ஷிப்ட் முடிஞ்சா ஆளு வூட்டுக்கு வருவான். இதுல நடக்காதது எது? நீயே சொல்லு."

"எங்கப்பா வரலைங்க சார்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்கேயிருந்து வரலை?" என்றேன்.

"வேற கம்பெனி குவாரிங்க. நான் அப்ப ஆறாவது படிச்சேன். வெடி வெச்சாங்க, சைரன் ஊதுச்சு. எல்லாரும் மேல வந்துட்டாங்க, அவரு மட்டும் வரல. சங்கு, மரம் எல்லாம் நெசந்தான். அவரு சாப்பிட உக்காந்தாருன்னு எழுதினேன் பாருங்க, அது ஒண்ணுதான் கற்பனை."

எத்தனை வருஷம் சைரன் ஊதவிட்டு ஆட்களை எண்ணியவன் நான்! அவர் எதிரிலேயே மேடத்துக்குப் போன் போட்டேன். "சைபரை அடிச்சுட்டுப் பத்துப் போடுங்க மேடம், தப்பு என்னோடது" என்று கெஞ்சினேன்.

"லிஸ்ட் வெளியாயிடுச்சே சார். இனிமே அந்த நாவலை எடுக்க முடியாது."

மலர்விழி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"பரவால்லிங்க சார். அவரு வூட்டுக்கு வந்துட்டாருன்னு நீங்க ஒருத்தராவது நம்புனீங்கல்ல."

அது நன்றியா, குத்தலா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. மார்க் போட உட்காரும் இளையவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்: நமக்குத் தினமும் நடப்பது இன்னொருவருக்கு ஒருநாளும் நடக்காததாக இருக்கலாம்.