குற்ற ஒப்புதலுக்குப் பத்து மார்க்

போன மாதம் முழுக்க நான் அரை வக்கீலாக இருந்தேன். சம்பளமில்லாத அரை வக்கீல்.

என் மனைவி சரோஜா சட்டக் கல்லூரியின் கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளையும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரையும் கட்டி மேய்த்துக்கொண்டு! வாத்தியார் நான்தான். குசினி வாசலில் நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை. தேங்காய் துருவிக்கொண்டே பதில் சொல்வது அவள் வேலை.

"நிரூபிக்கிற பொறுப்பு யாருக்கு?"

"குத்தம் சொல்றவங்களுக்கு."

"குத்தம் சாட்டப்பட்டவருக்கு?"

"நிரூபிக்கிற வரைக்கும் அவரு சுத்தவாளி. வாயே தொறக்காம இருக்கவும் உரிமை இருக்கு."

அடடா... எவ்வளவு அழகான சட்டம்! கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். விடுவேனா?

அந்த வாரம்தான் சரோஜாவின் அண்ணன் சிவலிங்கத்தை வேலை நிப்பாட்டினார்கள். மச்சானுக்குப் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. சிரட்டையிலும் மரத்து வெட்டிலும் காய்ந்து போகிற ஒட்டுப்பாலைச் சுரண்டிச் சாக்கில் கட்டி ஸ்டோரில் கொடுப்பார்கள். அதில் ஒரு சாக்கைக் காணவில்லையாம். மச்சான் தூக்கிக்கொண்டு போனதைக் கங்காணி கண்டாராம். கண்டதாக வாச்சர் சொன்னாராம். சொன்னதாகக் கணக்கப்பிள்ளை எழுதினாராம். செவிவழிச் சாட்சியம் செல்லாது என்று என் கையிலிருந்த நோட்டில் சிவப்பு மையால் கோடிட்டிருந்தது. தோட்டத்தில் அது மூன்று காது தாண்டி வந்தால்தான் ஊர்ஜிதமாகும்!

முறைப்பாட்டில் கையெழுத்துப் போட்டவர் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை. விசாரிக்கப் போகிறவரும் துரை. தீர்ப்புச் சொல்லப் போகிறவர்...? வேறு யார், அவரேதான். தன் வழக்குக்குத் தானே நீதவானாக இருக்கக் கூடாது என்பது இயற்கை நீதியின் முதல் பாடம். தோட்டம் கம்பெனிக்குக் கைமாறிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. லெட்டர் ஹெட் மாறியது. இயற்கை நீதி இன்னும் ஸ்டோர் வாசல் வரைகூட வரவில்லை.

பேரை வெட்டிவிட்டால் வேலை மட்டுமா போகும்? குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போகும். மூன்று பிள்ளைகளோடு மச்சான் எங்கே போவார்? அந்தப் பயத்தோடுதான் என்னிடம் வந்தார்.

"மாப்புள, தங்கச்சிய படிக்க விடுங்க, தொந்தரவு பண்ண வேணாம். நாளைக்கு விசாரணை. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

சொன்னேன். "நீங்க வாயே தொறக்காதீங்க மச்சான். நிரூபிக்க வேண்டியது அவங்க."

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அரை வக்கீலுக்கு ஒரு மச்சான் போதும்.

மறுநாள் மத்தியானம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார். பின்னால் மச்சான்.

"என்னா மாஸ்டர் சொல்லிக் குடுத்தீங்க இந்தாளுக்கு? தொரை தமிழ்ல கேட்டாரு, சிங்களத்துல கேட்டாரு. ஆளு செலையாட்டம் நிக்கிறாரு! 'ஆடம்பரத?'ன்னு கத்துறாரு தொரை. திமிரான்னு அர்த்தம்! இப்ப களவோட சேத்து, தொரைய மதிக்கலன்னு இன்னொரு குத்தம்."

சரோஜா குசினியிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"அது போலீஸ் புடிச்சு கோட்டுக்குக் கொண்டு போறவங்களுக்குங்க! வேலைத்தல விசாரணையில எடுக்கலன்னு வாய் விட்டுச் சொல்லணும். யாரைக் கேட்டு வக்கீலானீங்க?"

நான் நோட்டைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன்.

தலைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தோட்டங்களில் இது ஒரு சம்பிரதாயம். குற்றம் செய்தாயா, இல்லையா என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. மன்னிப்புக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வைத்தால் விவகாரம் முடிந்தது. தோட்டத்து ஆபீசான கந்தோரில் அதை டைப் அடித்து, ரோனியோ மெஷினில் பிரதி எடுத்து, கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார்கள். பெயருக்கு ஒரு கோடு, குற்றத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான் காலி.

"இதுல கையெழுத்து வச்சா திங்கக்கிழமையிலருந்து வேலைன்னு தொரை சொல்லிட்டாரு. வைக்காட்டி காம்பிராவ விடணும்."

சரோஜா சிரித்துவிட்டாள். சந்தோஷச் சிரிப்பல்ல. "ஆசை காட்டியோ, பயமுறுத்தியோ, வாக்குக் குடுத்தோ வாங்குற ஒப்புதல் செல்லாதுன்னு நேத்துதான் படிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு உதாரணம் தேடிக்கிட்டு இருந்தேன். தலைவரு மூணையும் ஒரே மூச்சுல சொல்லிட்டாரு. அண்ணே, கோட்டுல இந்தத் தாள் குப்பை. கையெழுத்து வைக்காதீங்க."

மச்சான் தங்கையை நிமிர்ந்து பார்த்தார்.

"கோட்டு கேகாலையில இருக்கு தங்கச்சி. நான் லயத்துல இருக்கேன்."

தலைவரும் தலையாட்டினார். நானும், "இப்போதைக்கு வச்சிருங்க மச்சான், பிறகு பாத்துக்கலாம்" என்றேன். கடைசியில் பேனாவை எடுத்துக் கொடுத்தது சரோஜாதான். 'ஒட்டுப்பால் சாக்கு ஒன்றைக் களவெடுத்தேன், இனிமேல் செய்யமாட்டேன்.' அதன் கீழே மச்சான் கையெழுத்து வைத்தார். பதினெட்டு வருஷமாக ஒரு சிரட்டைகூடத் தோட்டத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டு போகாத மனிதர்.

பரீட்சையில் குற்ற ஒப்புதல் பற்றியே ஒரு கேள்வி வந்ததாம், பத்து மார்க்குக்கு. "பக்கம் பக்கமா எழுதினேன்" என்றாள் சரோஜா.

போன வாரம் சாக்கு கிடைத்துவிட்டது. தோட்டத்து லொறிக்காரர் தவறுதலாகக் கீழ்ப் பிரிவு ஸ்டோரில் இறக்கியிருக்கிறார். அது அங்கேயே, மூலையில், சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு ஓடினேன், கடிதத்தைக் கிழிக்க வைத்துவிடலாமென்று.

பெரிய கிளாக்கர் நல்ல மனிதர். கதிரை கொடுத்து உட்கார வைத்தார். பொறுமையாக ஃபைலைப் பிரித்துப் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ நீங்க சாக்க எடுக்கவே இல்லை?"

"இல்லீங்க ஐயா."

"பிறகு எடுத்தேன்னு ஏன் எழுதிக் குடுத்தீங்க? தொரைக்கே பொய்யா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கிளாக்கர் மேசை லாச்சியைத் திறந்து, ரோனியோ தாள் ஒன்றை உருவி, மச்சானின் பெயரை எழுதினார். குற்றத்துக்கான கோட்டில், 'களவெடுக்காமலே களவெடுத்ததாக நிர்வாகத்துக்குப் பொய் சொன்னேன்' என்று எழுதினார். மச்சான் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வைத்தார்.

இந்தக் குற்றத்தை மட்டும் அவர் உண்மையாகவே செய்திருக்கிறார் — தலைவர், நான், சரோஜா, மூன்று பேரும் சேர்ந்து செய்யவைத்தோம்.