எர்த் இல்லாத அறை

அந்த சர்வீஸ் சென்டரில் அவளை எல்லாரும் ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, திரை கறுப்பாகவே நிற்கிறது என்று யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், அவள் முதலில் ரேமை உருவி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டுவாள். பாதி மெஷின்கள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ரப்பர் இருக்கும்.

இந்த வேலைக்கு வரும் முன்பு ஓர் அலுவலகத்தில் பத்து வருடம் தட்டச்சு வேலை பார்த்தாள். வாரத்துக்கு ஒருமுறை அவளுடைய மெஷின் படுத்துவிடும். பழுது பார்க்க வருகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று, இது என்ன, அது ஏன் சுற்றுகிறது என்று கேட்டுக் கேட்டு அவர் பிராணனை வாங்கினாள். ஒருநாள் அவர் எரிச்சலில், "நீங்களே பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபத்தில் சொன்னதை இவள் யோசனையாக எடுத்துக்கொண்டாள். மாலை வகுப்பில் சேர்ந்தாள். இருபத்திரண்டு ஆண்களுக்கு நடுவே அவள் ஒருத்திதான் பெண். இப்போது பதினான்கு வருடம் ஆகிறது. அவள் கைபட்டு ஒரு மதர்போர்டும் பாழானதில்லை.

போன வருடம் நிறுவனம் பட்டறையை ஒரு பழைய கிடங்கின் பின்பக்கத்துக்கு மாற்றியது. பலகைத் தடுப்பு போட்டு, வரிசையாக நாலு மேசை, ஒரு பக்கச் சுவரில் இரும்பு அலமாரி. புது பெயின்ட் வாசனை போவதற்குள்ளேயே வேலையைத் தொடங்கச் சொன்னார்கள். முதல் நாளே, ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினின் இரும்புப் பெட்டியான கேபினட்டின் மேல் புறங்கை பட்டபோது அவளுக்கு எறும்பு ஊர்வதுபோல் கூசியது. அடுத்த மேசையிலும் அப்படியே. ஹோல்டரில் மாட்டிய ஒரு பல்பையும் இரண்டு கம்பியையும் எடுத்துவந்து ஒவ்வொரு பிளக் பாயிண்டாகச் சோதித்தாள். கீழே இருக்கும் இரண்டு துளைகளில் கம்பியை வைத்தால் பல்பு பளிச்சென்று எரிந்தது. எந்தக் கம்பியை மேலே இருக்கும் பெரிய துளைக்கு, அதாவது எர்த்துக்கு, மாற்றினாலும் இருட்டு. ஆறு பாயிண்டிலும் இதே கதை. மெயினை அணைத்துவிட்டு ஒன்றைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே இரண்டே கம்பி. எர்த் கம்பி வரவேண்டிய இடத்துத் திருகு புதுசு கலையாமல் மின்னியது. அதன் மேல் ஸ்க்ரூடிரைவர் ஒருமுறைகூடப் பட்டதில்லை.

மெஷினுக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால், அதை மண்ணுக்குக் கொண்டுபோய் இறக்குவதும், பிரேக்கரை விழச் செய்வதும் அந்த மூன்றாவது கம்பியின் வேலை. அது இல்லையென்றால் கசிந்த கரண்ட் இரும்புப் பெட்டியிலேயே உட்கார்ந்து ஆளுக்காகக் காத்திருக்கும். இதை அவள் மேலாளரிடம் பொறுமையாக விளக்கினாள். அவர், லேசாகத்தானே கூசுகிறது, ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ரப்பர் அக்காவுக்கு ரப்பர் செருப்பு என்று பக்கத்தில் ஒருவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புகார்ப் பதிவேட்டில் எழுதினாள். எட்டு மாதத்தில் மூன்று முறை எழுதினாள். மூன்றின் கீழும் மேலாளர் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பார்த்ததோடு சரி.

அவளுக்கு அடுத்த மேசைக்காரர் முப்பது வயதுக்காரர். தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் கண்ணாடி என்றே பெயர். அவளை அக்கா என்பார், அவள் அவரைத் தம்பி என்பாள். மயிரிழைபோன்ற கம்பியைக்கூட நடுங்காமல் பற்றவைக்கிற கை அவருடையது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அச்சகம் ஒன்றிலிருந்து வந்த மெஷினை அவர் ஆன் செய்தார். அதன் பவர் சப்ளை பெட்டிக்குள் ஒரு கம்பியின் தோல் உருகிப்போய் உலோகத்தோடு ஒட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது. இடது கையால் கேபினட்டைப் பிடித்தபடி, வலது கையை அலமாரியில் இருந்த டப்பாவுக்கு நீட்டினார். அலமாரி மண்ணில் ஊன்றிய இரும்புத் தூணோடு முடுக்கப்பட்டிருந்ததால், கேபினட்டில் இருந்த கரண்ட் அவர் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கியது. இரண்டு கையும் அப்படியே இறுகிக்கொண்டன. சத்தம்கூட வரவில்லை, பல்லைக் கடித்த ஓர் உறுமல் மட்டும்.

அவரைத் தொடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். மெயின் சுவிட்சுக்கு ஓடினாள். அதன் முன்னால் பழைய மானிட்டர் அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிவைத்திருந்தார்கள். திரும்பி ஓடிவந்து, அவர் மேசைக்குப் போகும் வயரை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பலமெல்லாம் போட்டு இழுத்தாள். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. தம்பி அலமாரியோடு சரிந்து விழுந்தார். தோள்பட்டை இறங்கிவிட்டது. இடது உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு தீய்ந்த கோடு. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு செல்போன் சார்ஜரும் காய்ந்துபோன பசை ட்யூபும் இருந்தன.

மூன்றாம் நாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த ஒரு தாளை முன்னால் தள்ளினார். விபத்து அறிக்கை. காரணம் என்ற இடத்தில், ஊழியரின் கவனக்குறைவு என்று இருந்தது. சாட்சி என்ற இடம் அவளுக்காகக் காலியாக இருந்தது.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்."

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. ஆளு பொழச்சிட்டார் இல்ல?"

"பொழச்சதுக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

அவர் முகம் சுண்டிப்போனது. தாளை இழுத்து மேசைக்குள் போட்டுக்கொண்டார். வேறு யாரையோ வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மாலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி தூக்கத்தில் இருந்தார். அறிக்கையின் நகல் அதற்குள் அவர் மனைவியின் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் அழவில்லை. தாளை விரித்து அந்த ஒற்றை வார்த்தையின் மேல் விரல் வைத்து, "வீட்டுல ஒரு பல்பு மாத்தறதுன்னாகூட மெயினை அணைச்சிட்டு ரெண்டு தடவை சரிபாப்பாரு அக்கா. அவரா கவனமில்லாதவரு?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போனதும் ரப்பர் அக்கா, அடிபட்டவன் தலையிலேயே பழியையும் கட்டிவிட எப்படி மனசு வருகிறது என்று கணவரிடம் பொருமித் தீர்த்தாள். அவர், வேலை போய்விட்டால் பார்த்துக்கொள்ளலாம், உனக்குச் சரி என்று பட்டதைச் செய் என்றார்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பாதுகாப்பு வாரமாம். சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். ஆளுக்கொரு மணிக்கட்டுப் பட்டை கொடுத்தார்கள். அதிலிருந்து சுருள் வயர் ஒன்று தொங்கியது. எல்லாரும் அதைக் கட்டிக்கொண்டு கையைத் தூக்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

அவள் பட்டையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் கேட்டாள். "இது யாரைக் காப்பாத்துது சார்?"

"உங்களைத்தாம்மா."

"இல்ல சார். நம்ம உடம்புல இருக்கிற ஸ்டாடிக் கரண்ட் பட்டு ரேம் போயிடக் கூடாதுன்னு கட்டறது இது. மெஷினை நம்மகிட்டயிருந்து காப்பாத்துது. மெஷின்கிட்டயிருந்து எங்களைக் காப்பாத்த எர்த் கம்பி வேணும். அது இங்க இல்ல. இந்த வயரை மாட்டறதுக்குக்கூட இங்க எர்த் இல்ல."

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் சுவரொட்டியைப் பார்த்தார். கவனிக்கிறோம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் புகைப்படக்காரரை அழைத்தார்கள். அவள் பட்டையை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அன்று ரப்பர் செருப்புக்குச் சிரித்தவரும் இன்னொரு டெக்னீஷியனும் பட்டையை அவிழ்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள். கடைசியில் படத்தில் நின்றவர்கள் மேலாளரும் அதிகாரியும் கணக்கு எழுதுகிறவரும்தான். மூன்று பேருமே வாழ்க்கையில் ஒரு கேபினட்டைத் திறந்ததில்லை.

மறுநாள் அவளும் மற்ற இரண்டு டெக்னீஷியன்களும் வந்து, மேசையில் உட்கார்ந்தார்கள். ஒரு மெஷினையும் ஆன் செய்யவில்லை. கழற்றினார்கள், தூசி தட்டினார்கள், மறுபடி பூட்டினார்கள். எர்த் வரும்வரை இந்த அறையில் கரண்ட் போடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதிவேட்டின் மூன்று பக்கங்களையும் நகல் எடுத்து, தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவளே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினாள். தொலைபேசியில் மெஷின் எப்போது கிடைக்கும் என்று கத்திய வாடிக்கையாளர்களிடம் மேலாளர் ஏதோ உதிரிபாகம் வரவில்லை என்று பூசி மெழுகினார். ஒரு முறை அவள் எட்டி ரிசீவரை வாங்கி, என்ன வரவில்லை என்று தெளிவாகச் சொன்னாள். அந்த வாடிக்கையாளர், அவசரமில்லை, எர்த் போட்டுவிட்டே செய்யுங்கள் என்றார்.

பாதுகாப்பு அலுவலகத்து ஆய்வாளர் ஆறாம் நாள் வரப்போவதாகத் தகவல் வந்தது. ஐந்தாம் நாளே எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். பின்பக்கம் குழி தோண்டி, எர்த் கம்பி இறக்கி, அறை முழுக்கப் பச்சை வயர் இழுத்து, ஆறு பாயிண்டிலும் முடுக்கி முடிக்க அவருக்கு ஒன்றரை நாள்தான் ஆனது. எட்டு மாதம் முடியாமல் கிடந்த வேலை ஒன்றரை நாள் வேலை என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு மற்ற எதையும்விட அதிகக் கோபம் வந்தது. மெயின் சுவிட்ச் முன்னால் இருந்த பெட்டிகளை அவளே வெளியே தூக்கிப் போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

தம்பி இரண்டு மாதத்தில் திரும்பிவந்தார். இடது கையில் இரண்டு விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி இல்லை. பொடித் திருகு நழுவி விழுகிறது. உதிரிபாகக் கிடங்கில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பற்றவைக்கிற மேசைப் பக்கம் அவர் வருவதில்லை.

அறிக்கையில் அந்த வார்த்தையை மாற்றவேண்டும் என்று ரப்பர் அக்கா தலைமை அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதினாள். ஐந்தாவதற்குத் திருத்திய தாள் வந்தது. கவனக்குறைவு போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. தம்பி அதை மடித்து வைத்துக்கொண்டு, "போதும் அக்கா, விட்டுடுங்க" என்றார்.

"உன் பேர்ல இருந்த பழி போச்சு, சரி. இந்தக் கோட்டுல யார் பேரு இருக்கணும்?" என்றாள் அவள்.

அதையே கேட்டு ஆறாவது கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே கடிதத்தைப் புதுத் தேதி போட்டு அனுப்புகிறாள். இந்த மாதத்தோடு மொத்தம் பதினொரு கடிதம்.