சிங்கப்பூர் நாலு மணி நேரம்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். விமானத்தில் நாலு மணி நேரம். பேராவூரணிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு இந்தத் தகவலைக் கொடுத்த புண்ணியவதி நான்தான். அப்போது ஆறாம் வகுப்பு. வாய் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு.

தாத்தா விடியற்காலையில் இறந்துபோனார். அவருடைய மூத்த மகனான என் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன் பாத்தியதை. அவருக்காகக் காத்திருப்பதா, சித்தப்பாவையே வைக்கச் சொல்லிவிடுவதா என்று பந்தலில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவின் டச் போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் தட்டிப் பார்த்துவிட்டு நடுவில் புகுந்தேன்.

"நாலே மணி நேரம்! திருச்சியில இறங்கினா கார்ல ரெண்டரை மணி நேரம். அப்பா சாயங்காலத்துக்குள்ள வந்துருவாங்க."

கூட்டம் அசந்துபோனது. "அட, மெட்ராஸ்லேருந்து பஸ்ல வர்றதுக்கே ஒரு ராத்திரி ஆவுது!" என்றார் ஒருவர். உடனே பட்டுக்கோட்டையிலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்தார்கள். "தம்பியே வைக்கட்டுங்க, அவங்க வர்றது கஷ்டம்" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். யார் காதிலும் விழவில்லை.

மூன்று மணிக்கு அப்பா அம்மாவின் போனில் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று நான் ஸ்பீக்கரைப் போட்டேன். "டிக்கெட் கிடைக்கலடா. நீயே வச்சிரு" என்று சித்தப்பாவிடம் சொன்னார். குரல் உடைந்திருந்தது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"பொய் சொல்லாதீங்கப்பா! ராத்திரி ஃப்ளைட்ல சீட் இருக்கு, சித்தப்பா போன்ல காட்டுது. கிளம்பி ஏர்போர்ட்டுக்குப் போங்கப்பா!"

ஒப்பாரி நின்றுவிட்டது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பெத்த அப்பனுக்கு வர மனசில்லையாமா?" என்று யாரோ கேட்டது போனிலும் கேட்டிருக்கும். அம்மா பாய்ந்து வந்து போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரை அணைத்து, என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை என் மேல் கை வைக்காதவள். பொய் சொன்னது அப்பா, அடி எனக்கா?

நாலரை மணிக்குத் தாத்தாவை எடுத்தார்கள். சித்தப்பா தீச்சட்டியோடு முன்னால் போனார்.

ஒன்றரை வருஷம் கழித்து அப்பா ஒரே ஒரு கைப்பையோடு வந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னென்னவோ சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். அன்று வராத காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். தாத்தா இறந்தபோது அப்பாவின் வேலை பர்மிட் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்ததாம். ஒளிந்து ஒளிந்து வேலை பார்த்திருக்கிறார். விமான நிலைய வாசலை மிதித்தால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். பிற்பாடு பிடிபட்டு, ஜெயிலில் இருந்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமென்று இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஐயோ, பாவி நான், ஊர் முன்னால் அந்த மனுஷனை எங்கே போகச் சொல்லி அதட்டியிருக்கிறேன்!

அன்று பாடை தெருமுனை திரும்பும்வரை அம்மா அந்தப் போனைப் பறைச்சத்தம் வந்த பக்கமாகத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். எழவு வீட்டிலும் இவளுக்குப் போன் கேட்கிறதா என்று நான் கன்னத்தைத் தடவிக்கொண்டே முறைத்தேன். அவள் அப்பாவின் அழைப்பைத் துண்டிக்கவே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.