மழைப் பக்கத்துக்குப் போன மோத்தி

ஃபிஜித் தீவு, வோட்டுவாலேவு, சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி.

நனைந்த நாயின் வாசனைதான் முதலில் வந்தது. டாக்சி நிற்பதற்குள், கண்ணாடி முழுதாக இறங்குவதற்குள், பழைய சாக்கும் ஈரமண்ணும் கலந்த அந்த வாசனை என் மூக்கைப் பிடித்து நாற்பது வருஷம் பின்னால் இழுத்தது. தஞ்சாவூரில் எங்கள் கொல்லைக்கதவில் மழையோடு வந்து நிற்கும் தெருநாய் மணி. அது படி தாண்டக்கூடாது என்று அம்மா விளக்குமாற்றோடு காவல் நிற்பாள். படிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான். இருவரும் மூக்கை நீட்டி ஒருவரை ஒருவர் மோந்துகொள்வோம். அதற்குமேல் எங்கள் நட்புக்கு அனுமதி இல்லை.

“பனியில கரும்புக்குள்ள ஓடிட்டு வந்துருக்கு. அதான் வாசனை,” என்றார் மொய்தீன் பாய். “நீங்க முன்னாடி உக்காருங்க தம்பி. பின்னாடி ரெண்டும் பொம்பளைங்க சீட்டு.”

பின்னால் கமலா. அவள் மடியில் தலை வைத்து மோத்தி. செம்பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும் நாட்டு நாய். உட்கார்ந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதுபோல் அதன் உடம்பு முழுக்க ஒரு துடிப்பு. அதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப் போயிற்று. ஓரிடத்தில் இருக்க முடியாத பிறவிகள் ஒன்றையொன்று சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ளும்.

மூன்று நாள் முன்பு விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றி வந்தவர் இந்த மொய்தீன் பாய். அறுபதைத் தாண்டியவர். அப்பா வழி மலபார்க் கரை, அம்மா வழி வட ஆற்காடு. தாத்தா கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் கப்பல் ஏறாமல் சவேனியில் குத்தகை நிலம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். பேரன் அங்கே காலையில் கரும்பு பார்க்கிறார், பகலில் டாக்சி ஓட்டுகிறார், சாயங்காலம் நாய்க்குப் பாடம் எடுக்கிறார். கமலா அடுத்த வீடு. லவுட்டோக்காவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. அவள் வீட்டுப் பலகைத் தரைக்கு அடியில்தான் மோத்தி பிறந்தது.

“பாய் வாத்தியாரு. நான் ஆயா,” என்றாள் கமலா. சோறு, குளியல், உண்ணி எடுப்பது எல்லாம் அவள். ஓட்டமும் தாவலும் அவர். நாய் ஒன்று, வீடு இரண்டு.

இன்று போவது நவுசோரிப் பக்கம், வுனிமோனோவுக்கு அருகே ஒரு விளையாட்டு மைதானம். தீவைப் பாதி சுற்ற வேண்டும்: சுவாவுக்கு நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், அதற்குமேல் இருபது. அங்கே அஜிலிட்டி என்று சொல்கிற நாய்ப் போட்டி. கம்பு தாண்டி, குழாய்க்குள் புகுந்து, தொங்கும் டயருக்குள் பாய்ந்து, நட்ட குச்சிகளுக்கு இடையில் பாம்புபோல் வளைந்து நாய் ஓட வேண்டும். கூடவே வளர்ப்பவர் ஒருவர். கயிறு கிடையாது, தொடக்கூடாது, வாயும் கையும்தான்.

காலை ஆறரை, சிங்கடோக்கா.

சந்தை வாசலில் நிறுத்தினோம். உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒன்று இரண்டு டாலர். நான்கு வாங்கினேன், நான்காவது மோத்திக்கு. கமலா பிட்டுப் பிட்டு ஊட்டினாள். மொய்தீன் பாய் தன் ரொட்டியைத் தின்றபடி கீழே இறங்கி நின்றார். மோத்தியும் இறங்கி அவரிடம் ஓடியது. ஓடிய வேகத்தில் அவர்மேல் விழப்போகிறது என்று நினைத்தேன். சரியாக ஒரு கை நீளத்தில் நின்றது. தரையில் யாரோ கோடு போட்டு வைத்ததுபோல் நின்று, அண்ணாந்து, வாலை ஆட்டியது.

பாய் அதற்குக் காரணம் சொன்னார். காய்ந்த நாயைக் காய்ந்த கையால் தொட்டால் ஒன்றுமில்லை. நாயோ கையோ ஈரமாக இருந்தால், நாக்குப் பட்டால், பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீர். அது முடியாமல் தொழ முடியாது. “தொட்டா பாவம்னு யாரும் சொல்லல தம்பி. கழுவணும், அவ்வளவுதான். ஆனா டாக்சி ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு தொழுகை வக்துக்கு வக்து நான் எங்க மண்ணைத் தேடுவேன்?” அதனால் குட்டியிலேயே மோத்திக்கு அந்தக் கோட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டார். சிறுவயதில் ஏர் மாட்டைப் பின்னால் நின்று நாக்குச் சொடுக்கி ஓட்டியவர். நாயையும் அப்படியே தூரத்திலிருந்து ஓட்டப் பழக்கினார். கரும்பு வரிசைக்கு நடுவே மூங்கிலும் தகரடின்னும் வைத்துத் தாண்டல். வடிகால் குழாயில் புகுதல். மாமரத்தில் லாரி டயர்.

அவர் சுருட்டு வாங்கப் போன இடைவெளியில், போன வருஷத்துக் கதையைக் கமலா சொன்னாள், தமிழும் ஹிந்தியுமாக. மோத்தி அன்று பிழையே இல்லாமல் ஓடி முடித்ததாம். ஆனால் களத்தை விட்டு வெளியே வருமுன் ஓட்டியவரே நாய்க்குக் கயிறு மாட்ட வேண்டும் என்பது விதி. வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. மழை. நனைந்த நாய். கழுவிக்கொள்ளலாம் என்று துணிந்து பாய் ஓர் அடி வைத்தார்; மோத்தி மரியாதையாக ஓர் அடி பின்னால் போயிற்று. அவர் நடக்க நடக்க அது அதே ஒரு கை நீளத்தில் பின்வாங்க, மைதானம் முழுக்கச் சிரித்தது. கடைசியில் சிவப்புக் கொடி. ஓட்டம் கணக்கில் இல்லை.

அதிலிருந்து சவேனியில் கேலிதான். இந்த வருஷம் நாயை அங்கேயே விட்டுவிட்டு வரப்போகிறீர்களா என்று ஸ்டாண்டில் கேட்கிறார்களாம். கமலாவே ஓட்டலாமே என்றேன். வலது முழங்காலைத் தட்டிக் காட்டினாள். “இது ஓடாது அண்ணே. கா கரேகா? என்ன பண்றது?”

பாய் திரும்பி வந்து, நாங்கள் பேசியதை முகத்திலேயே படித்துவிட்டார். “ஜெயிக்கறது வேற தம்பி. என் நாய் என் கையால கயிறு போட்டு அந்த வாசலைத் தாண்டணும். அது போதும்.”

அதற்கு ஏற்பாடும் இருந்தது. காரின் முன்பெட்டியைத் திறந்து காட்டினார். பஞ்சுக் கயிறு, நுனியில் சுருக்கு. கமலா அதை மரவள்ளிக் கஞ்சியில் முக்கி, டின்மேல் வளைத்து வெயிலில் காய வைத்திருந்தாள், புடவைக்குக் கஞ்சி போடுவதுபோல. சுருக்கு வளையம் டயர் மாதிரி விறைப்பாக நின்றது. ஒரு முனையைப் பாய் பிடித்து “நுழை” என்றால், டயருக்குள் பாய்வதுபோல் மோத்தி தானே தலையை உள்ளே விடும். சுருக்குக்குள் கம்பி வைக்க விதியில் இடமில்லை; கஞ்சி வைக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. இரண்டு மாதம் பழக்கியிருக்கிறார்கள். ஒரு நாளும் தவறவில்லை.

காலை எட்டேகால், நவுவாவுக்கு முன்னால்.

இந்தத் தீவுக்கு இரண்டு முகம். நாங்கள் கிளம்பிய மேற்கு, காய்ந்த மஞ்சள் புல், வெடித்த செம்மண், கரும்பு. கிழக்கே போகப் போகப் பச்சை கனத்துக்கொண்டே வருகிறது. மலைகள் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்கின்றன. பெரணிகள் சாலைக்கே இறங்கி வருகின்றன. ஒரு வளைவில் முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. அடுத்த வளைவில் வானமே விழுந்தது.

பெட்டியிலிருக்கும் கஞ்சிக் கயிற்றின் நினைப்பு மூவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

“சவேனில எப்பவும் காய்ஞ்சுதானே இருந்தது,” என்றாள் கமலா, மெல்ல.

பாய் துடைப்பானின் வேகத்தைக் கூட்டினார்.

காலை பத்தரை, மைதானம்.

ரேவா ஆற்றுப் பாலம் தாண்டிப் போனால் தட்டையான நிலம். புல் குளமாக இருந்தது. சுவாவிலிருந்து வந்த கறுப்பு வெள்ளை நாய்கள், பட்டுக் கயிறு, மழைக்கோட்டுப் போட்ட சொந்தக்காரர்கள். பெயர் பதியும் மேசையிலிருந்த ஃபிஜி அம்மாள் மோத்தியைப் பார்த்ததும் “புலா” என்று வணக்கம் சொல்லிச் சிரித்தாள். போன வருஷம் பார்த்த ஞாபகம் அந்தச் சிரிப்பில் இருந்தது, ஏளனம் இல்லை. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். பயம் வந்தால் இன்னும் உயரமாகிற மனிதர்.

பதினொன்றே முக்கால். மோத்தியின் முறை.

கமலா தொடக்கக் கோட்டில் நாயை விட்டுவிட்டு வெளியே வந்தாள். அதற்கு அனுமதி உண்டு. கயிற்றைச் சட்டைக்குள் மறைத்தபடி பாய் நின்றார். விசில்.

மற்றவர்கள் நாய்க்கு முன்னால் ஓடினார்கள். இவர் ஓடவில்லை. களத்தின் நடுவே நட்டுவைத்த கம்பம்போல் நின்று, வலது கையை ஒரு வீசு. மோத்தி முதல் கம்பைத் தாண்டியபோது தண்ணீர் விசிறியாகத் தெறித்தது. நாக்கில் ஒரு சொடுக்கு: இடப்பக்கம். இரண்டு சொடுக்கு: வலப்பக்கம். குழாய்க்குள் பழுப்பாகப் போய்ப் பழுப்பாகவே வந்தது. ஏறுபலகையில் நகம் வழுக்கி, பிடித்து, உச்சியில் ஒரு கணம் மழைக்குள் நின்றது. அந்தக் கணத்தில் அந்த நாட்டு நாயை ஒரு சிலை செய்பவன் பார்த்திருக்க வேண்டும். பிறகு குச்சிகள். உள்ளே வெளியே, உள்ளே வெளியே. தையல் ஊசி துணியில் போவதுபோல் போயிற்று. டயர். கடைசிக் கம்பு. எதுவும் விழவில்லை. மைதானமே கைதட்டியது. என் பக்கத்தில் கமலா மட்டும் தட்டவில்லை.

மோத்தி ஓடிவந்து கோட்டில் நின்றது. ஒரு கை நீளம்.

பாய் சட்டைக்குள்ளிருந்து கயிற்றை எடுத்தார். நீட்டினார். கஞ்சி கரைந்து அவர் மணிக்கட்டில் வெள்ளையாக வழிந்தது. வளையம், ஊறிய இடியாப்பம் மாதிரித் தொங்கிற்று. “நுழை” என்றார். மோத்தி கயிற்றைப் பார்த்தது. நுழைய அங்கே ஓட்டையே இல்லை. வாலை ஆட்டியது. பாய் ஓர் அடி வைத்தார். அது ஓர் அடி பின்னால் போயிற்று.

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். கொடி வைத்திருந்தவர் கை அசைந்தது.

மொய்தீன் பாய் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். சேற்றில் இரண்டு முழங்காலையும் ஊன்றினார். கைகள் இரண்டையும் முன்னால் நீட்டி, விரல்களைக் கோத்து, வட்டமாக்கினார். ஒரு டயர் அளவு வட்டம். அதன் மறுபுறம் அவர் நெஞ்சு.

“நுழை, மோத்தி.”

மோத்திக்குப் புரிந்தது, புரிந்ததுதான் சிக்கல். அந்த வட்டம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது திரும்பிக் கமலாவைப் பார்த்தது. கமலா சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். என்னைப் பார்க்காதே, அவரைப் பார் என்பதுபோல்.

“நுழை,” என்றார் மறுபடியும். உத்தரவுபோல் இல்லை, கேட்பதுபோல் இருந்தது.

மோத்தி பாய்ந்தது. ஈரமும் சேறும் வாலுமாக அவர் நெஞ்சில் போய் மோதியது. இரண்டு முன்னங்காலும் அவர் தோளில். நாக்கு அவர் காதில், தாடியில், கண்ணில். பல வருஷம் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் நக்கித் தீர்ப்பதுபோல். அவர் கையை எடுக்கவில்லை. கொஞ்சநேரம் அப்படியே இருந்தார். கயிறு மாட்டத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு சுருக்கை அதன் கழுத்தில் போட்டு, எழுந்து, தலை நிமிர்ந்து வாசலைத் தாண்டினார். மேசையிலிருந்த அம்மாள் எழுந்து நின்று தட்டினாள்.

இரண்டாம் இடம். முதலாவது ஒரு சுவா நாய். “அது விலைக்கு வாங்கின தீனி தின்னுட்டு ஓடுது. நம்மது ரொட்டி தின்னுட்டு ஓடுச்சு,” என்று பாய் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். பரிசு ஒரு நீல ரிப்பனும் அதே விலைக்கு வாங்கும் தீனியில் ஒரு மூட்டையும்.

மழை ஓய்ந்தபின் கொட்டகைக்குப் பின்னால் அவர் கழுவிக்கொண்டார். சட்டையையும் அலசினார். கமலா போத்தலிலிருந்து ஊற்றி, தமிழில் எண்ணினாள். தமிழில் அவளுக்குப் பத்து வரைதான் தெரியும். இன்றைக்கு ஏழு போதும். மண் கலக்கிற தடவைக்கு ரேவா கரையின் கறுப்பு மண்ணை ஒரு பிடி நான் எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவர் மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகையின் காய்ந்த மூலையில் லுகர் என்னும் நடுப்பகல் தொழுகையைத் தொழுதார். மோத்தி தன் இடத்தில், ஒரு கை நீளத்தில், பழையபடி காத்து உட்கார்ந்திருந்தது. ஆனால் அதன் நிமிராத காது இப்போது கொஞ்சம் நிமிர்ந்திருந்ததுபோல் எனக்குத் தோன்றியது.

பிற்பகல் மூன்று மணி, நவுசோரி பஸ் நிலையம்.

நான் இங்கிருந்து சுவாவுக்குப் போகிறேன். அவர்கள் காய்ந்த பக்கத்துக்குத் திரும்புகிறார்கள். டிக்கெட் இரண்டு டாலர் சொச்சம். பஸ்ஸின் படியில் கால் வைத்தபோது கொல்லைக்கதவு மணியை நினைத்தேன். எங்கள் வீட்டிலும் கோடு இருந்தது, தண்ணீரும் இருந்தது. தொட்டுவிட்டுக் கழுவிக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் படியை நான் ஒரு நாளாவது தாண்டியிருக்கலாம்.

கமலா பின்சீட்டிலிருந்து மோத்தியின் முன்னங்காலைத் தூக்கி ஆட்டி விடை கொடுத்தாள். பாய் ரிப்பனைக் கார்க் கண்ணாடியில் கட்டிக்கொண்டிருந்தார். சவேனி ஸ்டாண்டில் நுழையும்போது முதலில் தெரிய வேண்டும் என்று இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார். பிறகு என் பஸ் ஜன்னலுக்கு அருகில் வந்தார். இதைப் பற்றி எழுதுவேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன்.

“தொட்டேன்னு எழுதுங்க தம்பி,” என்றார். “கழுவினேன்னும் எழுதுங்க.”